ஒன்றும் கலக்காத தட்டு

குன்சுலு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

இருக்கக்கூடாதது அங்கேயேதான் இருந்தது.

ஊதாச் சாயம் ஏறிய ஒரு செல். நடுவில் உருண்டையாக அதன் கரு. கருவை ஒட்டி, ரொட்டி பிய்க்கும்போது மேஜையில் சிந்துகிற துணுக்கு மாதிரி ஒரு புள்ளி. டி.என்.ஏ. உடைந்து, அதில் ஒரு துண்டு தனியே ஒதுங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். கல்நார் போட்ட தட்டில் இதைப் பார்த்திருந்தால் அவள் அலட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

இது ஒன்றும் கலக்காத தட்டு.

தட்டை நகர்த்தினாள். இன்னொரு துணுக்கு. அதைத் தாண்டி, இரண்டாகப் பிரியப் பார்த்து, பிரிய முடியாமல், ஒரே வீட்டுக்குள் இரண்டு கருவை வைத்துக்கொண்டு விழிக்கிற செல் ஒன்று.

"யாருடா உங்களை அடிச்சது?" என்றாள் சத்தமாக.

பதில் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. அக்ஜூன் சுரங்க நகரத்தின் கடைசித் தெருவில், சோவியத் காலத்தில் கட்டிய மூன்று மாடி. மற்ற அறைகளை எல்லாம் எப்போதோ பூட்டிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவுக்குன்றுகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. அதற்கப்பால் புல்வெளி. புல்வெளிக்கு அப்பால் மேலும் புல்வெளி.

ஆலை புதிதாக ஒரு நார் தயாரித்திருந்தது. பாறையை உருக்கி, பஞ்சு மிட்டாய் மாதிரிச் சுழற்றி இழுத்த நார். கல்நாருக்குப் பதிலாக இனி இதுதான் என்று பேச்சு. அது மனிதனை என்ன செய்யும் என்று பார்ப்பது குன்சுலுவின் பொறுப்பு. நுரையீரலை மூடியிருக்கும் சவ்வின் செல்களைத் தட்டுகளில் வளர்த்தாள். ஒரு வரிசையில் கல்நார். ஒரு வரிசையில் புது நார். இன்னொரு வரிசையில் எதுவுமே இல்லை. அந்த எதுவுமில்லாத வரிசைதான் அளவுகோல். அதைவிட எவ்வளவு கூடுதலாக உடைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றவற்றைப் பற்றிப் பேச முடியும்.

இப்போது அளவுகோலே உடைந்திருந்தது. புது நார் போட்ட தட்டுகளிலும் ஏறக்குறைய இதே சேதம். ஒப்பிட்டுப் பார்த்தால் புது நார் பரம சாது.

கைர்கெல்திக்கு அது போதும். ஆலையின் உற்பத்தித் தலைவர் அவர். பளபளக்கும் ஷூவோடு படியேறி வந்தவர் மேல்கோட்டைக் கழற்றாமலே ஜன்னலில் சாய்ந்துகொண்டார். ஊரில் பலரையும் போல அவளை 'அபாய்', அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார்.

"என்ன அபாய், ஆட்டை அறுத்து இங்க தொங்கவிட்டா மார்ச் வரைக்கும் கெடாது போலிருக்கே!"

"ஊர் முழுக்க ஹீட்டர்ல வெந்நீர் விடற தேதி இன்னும் வரலையாம். நகராட்சிக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன், சொல்றேன். கையெழுத்து என்னாச்சு?"

"இன்னொரு தடவை பண்ணிப் பாக்கணும்."

"எதுக்கு? சும்மா கிடக்கற தட்டுலயும் அவ்வளவு, எங்க நார் போட்ட தட்டுலயும் அவ்வளவு. அப்ப எங்க நார் சும்மாதானே?"

"சும்மா கிடக்கற தட்டுல அவ்வளவு இருக்கக்கூடாது. ஆகஸ்ட்ல பண்ணப்ப சுத்தமா இருந்துச்சு."

"அது செல்லோட தலையெழுத்து. நாம என்ன பண்றது?" சிரித்தார். "திங்கட்கிழமை புதுப் பட்டறை திறக்கறோம் அபாய். நீங்க கையெழுத்துப் போட்டா முகமூடி வேண்டாம், தூசி உறிஞ்சற மெஷின் வேண்டாம். பசங்க ஆனந்தமா மூச்சு விட்டுட்டு வேலை பாப்பாங்க. உங்க கொழுந்தன்கூட அங்கதானே வர்றான்?"

வருகிறான்தான். சுரங்கக் குழியில் வேலை வேண்டாம், உன் அண்ணனைக் கொண்டுபோன இடத்தில் நீயும் நிற்காதே, புதுப் பட்டறைக்கு மாறிக்கொள் என்று நச்சரித்ததே அவள்தான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இல்லாட்டியும் பரவால்ல, என்கிட்ட இந்த லேப் சாவி ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போட்ட பேப்பரை வந்து எடுத்துக்கறேன்." கைர்கெல்தி ஷூ சத்தத்தோடு இறங்கிப் போனார்.

அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு குன்சுலு எழுந்து, நாற்காலி முதுகில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பஞ்சு வைத்துத் தைத்த ஆண்பிள்ளைக் கோட்டு. சுரங்கத்தில் வெடிவைப்பவனாக இருந்த அவள் கணவன் ஓரஸுடையது. டீசலும் புகையிலையும் கல்லும் கலந்த வாசனை. வாசனை போய்விடும் என்று ஒரு தடவைகூட அவள் அதைத் துவைக்கவில்லை. போன குளிர்காலத்தில் ஓரஸ் செத்தபோது மருத்துவர் ஒரு படம் காட்டினார். நுரையீரலைச் சுற்றிய சவ்வு, பழைய செருப்புத் தோல் மாதிரித் தடித்துப் போயிருந்தது. எந்தச் செல்களை அவள் தட்டில் வளர்க்கிறாளோ, அதே செல்கள்.

இறந்தவனின் உடுப்பு அவனைக் குளிப்பாட்டியவர்களுக்குச் சேர வேண்டியது. ஓரஸைக் குளிப்பாட்டியவன் தம்பி செயில்பெக். நரித்தோல் தொப்பி, பூட்ஸ், கல்யாணத்துக்குத் தைத்த சூட் எல்லாம் அவனிடம் போய்விட்டன. "வேலைக் கோட்டு எங்க ஜெங்கே?" என்று அண்ணி முறை சொல்லி அவன் கேட்டபோது மட்டும், "ஆஸ்பத்திரியில தொலைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் வைத்தால் கண்ணில் படும். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். அக்டோபர் குளிர் இறங்கிய நாளிலிருந்து, வெள்ளை அங்கிக்கு உள்ளே அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை. கை நீளம் என்பதால் முனை இரண்டும் அங்கிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த முனைகளை இழுத்து விரலை மூடிக்கொண்டால், யாரோ கையைப் பிடித்திருப்பது போல இருக்கும்.

மறுநாளிலிருந்து வேட்டை தொடங்கியது.

தண்ணீரை மாற்றினாள். செல்களுக்கு ஊட்டும் சத்துநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள். கண்ணாடிக் குழாய்களைக் கொதிக்கவைத்தாள். வேலை செய்யும் வரிசையை மட்டும் மாற்றவில்லை. அது சரியாகத்தான் இருந்தது. முதலில் ஒன்றும் கலக்காத தட்டுகள். அதை முடித்து மூடிவைத்த பிறகு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தலை முதல் கால் வரை மூடும் காப்பு உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, நார்த் தட்டுகள். ஆபத்துக்கு உண்டான மரியாதை.

ஒன்றும் கலக்காத தட்டுகள் மறுபடியும் உடைந்தன.

இந்த முறை துணுக்குகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவற்றை உண்டாக்கியது எது என்று தேடினாள். தட்டின் ஓரம் ஓரமாக. கழுத்து கடுத்தது, கண்ணில் நீர் கட்டியது. மத்தியான வெயில் மேஜையின் மறுகோடிக்கு நகர்ந்த சமயத்தில் அது அகப்பட்டது.

ஒரே ஒரு நார். தலைமுடி நுனியைப் போலச் சுருண்டு, வெளிறி, இரண்டு செல்களைச் சேர்த்துக் குத்தியிருந்தது. பிரியப் போன செல்லின் நடுவே தாழ்ப்பாள் போலக் குறுக்கே கிடந்தது. செல் பாதியில் நின்றுவிட்டிருந்தது.

புது நார் கண்ணாடிக் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். இது வளைகிறது. இது மண்ணிலிருந்து வந்தது. கல்நார்.

நார்த் தட்டுகளைத் திறப்பதற்கு முன்பே மூடிவைத்த தட்டு இது. இதற்குள் கல்நார் தானாக நடந்து வராது. யாரோ போட்டிருக்கிறார்கள். அளவுகோலைக் கெடுத்தால் புது நார் சாதுவாகிவிடும். அதனால் லாபம் யாருக்கு?

'என்கிட்ட சாவி ஒண்ணு இருக்கு.'

குன்சுலு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாகக் கிழித்து, பசைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி அறை முழுக்கப் பொருத்தினாள். கதவுக் கைப்பிடியில், செல் வளர்க்கும் பெட்டியின் விளிம்பில், மேஜையில், அலமாரியில், தன் நாற்காலியின் முதுகில்கூட. கல்நாரைக் கையாண்டவன் உள்ளே வந்தால், அவன் உடம்பிலிருந்து உதிர்வது எங்கேயாவது ஒட்டாமலா போகும்? பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தேநீர் போட்டாள். வழக்கம்போல இரண்டு கிண்ணம் எடுத்து, ஒன்றை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே வந்து நாடாக்களைச் சேகரித்தாள். ஒவ்வொன்றாக நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள்.

கைப்பிடி நாடாவில் ஒன்றுமில்லை. அலமாரி சுத்தம். பெட்டி விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. மேஜையில், அவள் முழங்கை ஊன்றும் இடத்தில் கொஞ்சம் கூடுதல். நாற்காலி நாடாவை வைத்தாள்.

பனி பெய்த புல்வெளி மாதிரி இருந்தது.

குன்சுலு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் கோட்டு கிடந்தது. இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற ஆள் போல. வேறு எந்த எதிரியும் அந்த அறைக்குள் வந்திருக்கவில்லை.

அவள் அறிவு உடனே கணக்கை முடித்துவிட்டது. ஓரஸ் அதைப் போட்டுக்கொண்டு நின்ற வெடிப்புழுதி அத்தனையும் அந்தப் பஞ்சுக்குள் இருந்தது. பயப்பட வேண்டிய தட்டுகளுக்கு அவள் கோட்டைக் கழற்றினாள். பயப்பட வேண்டாத தட்டுகளின் மேல் கோட்டுக் கையோடு குனிந்தாள். கையை இழுத்து இழுத்து விரலை மூடிக்கொண்டாள்.

கணக்கு அறிவுக்குப் புரிந்தது. கை மட்டும் கோட்டை நோக்கி நீண்டது, வழக்கம்போல.

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஜெங்கே! உயிரோட இருக்கீங்களா, உறைஞ்சுட்டீங்களா?"

செயில்பெக். கையில் துணியில் சுற்றிய ஷெல்பெக். இறந்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை சுடும் அடை. எண்ணெய் வாசனை அவனுக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தது.

"பாதி உறைஞ்சாச்சு குறும்பரே. மீதி உன் மொக்கை கேட்டு உறையும்."

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கொழுந்தன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது. மாமனார் 'பெரிய வீட்டுக்காரர்', நாத்தனார் 'வெள்ளைச் சட்டை', இவன் 'குறும்பர்'. இவன் பெயர் கொண்ட இன்னொரு செயில்பெக் தபால் ஆபீஸில் இருந்தார். அவரைக்கூட 'அந்தத் தபால்காரர்' என்றே சொல்வாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கன்னா வர்றதில்ல. அதான் அண்ணனுக்குச் சுட்டதை அண்ணிக்குக் கொண்டுவந்தேன். இந்தச் செல்லுங்களோட அப்படி என்ன குசுகுசுப்பு? எங்களைவிட அழகா?"

"வாயாடறதில்ல. அந்த ஒண்ணுல உன்னைவிட மேல்."

அவன் சிரித்துக்கொண்டே அடையை வைக்க இடம் தேடினான். தேடிய கண் நாற்காலியில் நின்றது. சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"ஜெங்கே."

அவள் நாற்காலி நாடாவை நுண்ணோக்கியிலிருந்து எடுத்தாள்.

"தொலைஞ்சுபோச்சுன்னீங்களே."

"அது..."

"பரவால்ல, விடுங்க." அவன் அடையை மேஜையில் வைத்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்ககிட்ட விட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

அவள் நாற்காலியைச் சுற்றி வருவதற்குள் அவன் கையை நுழைத்துவிட்டான். தோள் சரியாகப் பொருந்தியது. அண்ணன் செய்வது போலவே கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பிறகு, அண்ணன் செய்வது போலவே, இரண்டு உள்ளங்கையாலும் மார்பில் பலமாகத் தட்டினான்.

ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயிலில் தூசி எழுந்தது. மெல்லிய, மினுங்குகிற, அழகான தூசி. அவன் அதற்கு நடுவே மூச்சை ஆழமாக இழுத்தான். "அண்ணன் வாசனை..."

"செயில்பெக்! கழட்டு!"

அவன் சிலையாகிப்போனான். ஜெங்கேயின் வாயிலிருந்து தன் பெயர் வரும் என்று கனவிலும் நினைத்திராத மனிதன். கேள்வி கேட்கவில்லை. காரணம் தெரியாமலே, நெருப்புப் பற்றிய சட்டையைப் போலக் கோட்டை உருவிக் கீழே போட்டான்.

"மூச்சை அடக்கு. வெளிய போ. போ!"

தாழ்வாரத்தில் வைத்து அவன் முகத்தையும் தலையையும் ஈரத்துணியால் துடைத்தாள். குழந்தை மாதிரி நின்றான். துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த நார் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று முதல்முறையாக அவனிடம் சொன்னாள். உடம்பின் துப்புரவுச் செல் அதை விழுங்க வரும்; நார் அதைவிட நீளம்; விலா எலும்பைக் குறுக்கே கவ்விய நாய் மாதிரி வாயை மூடவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கும்; விழுங்க வைத்திருந்த அமிலமெல்லாம் வெளியே கசியும். நாரில் ஒட்டியிருக்கிற இரும்பு உள்ளுக்குள் பொறி பறக்கவைக்கும். பொறி பட்டுப் பட்டு டி.என்.ஏ. இழை அறும். அறுந்ததைச் செல் தப்பாக முடிச்சுப் போடும். அந்தத் தப்பு பல வருஷம் பேசாமல் இருக்கும்.

"அண்ணனுக்கு இதானா?"

"இதேதான்."

செயில்பெக் சுவரில் சாய்ந்தான். "ஜெங்கே, இதை நீங்க எத்தனை நாளா போட்டுட்டிருக்கீங்க?" என்றான்.

குன்சுலு துணியைப் பிழிந்தாள். "அடை ஆறிடப் போகுது."

"ஜெங்கே."

"தெரியல. கணக்கு வைக்கல. விடு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எரிச்சிடலாம் அந்தச் சனியனை" என்றான்.

"பஞ்சு எரியும், நார் எரியாது. எரியாதுன்னுதானே உங்க ஊரே தோண்டி விக்குது?"

அதற்கு இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

அன்று மத்தியானமே அவள் கைர்கெல்தியைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட முடியாது. அளவுகோல் தட்டு கெட்டிருக்கு. கெடுத்தது நான். என் வீட்டுக்காரர் கோட்டுலேர்ந்து கல்நார் விழுந்திருக்கு."

"அபாய், உங்க தப்புக்கு என் பட்டறை காத்திருக்கணுமா? இது வெளிய தெரிஞ்சா உங்க பேர் என்னாகும்?"

"போகும்."

"வேற லேபுக்கு அனுப்பறேன்."

"அனுப்புங்க. நான் கெடுத்தது எப்படின்னு அவங்களுக்கும் எழுதி அனுப்பறேன். அதுவரைக்கும் முகமூடி இல்லாம ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. போனா, எல்லார்கிட்டயும் நானே சொல்வேன்."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை திறப்பு நடக்கவில்லை.

கோட்டைத் தண்ணீரில் நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டினார்கள். இருவரும் முகமூடி போட்டிருந்தார்கள். நிலம் உறைவதற்கு முன் செயில்பெக் இடுகாட்டில், அண்ணன் காலடிக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவு தோண்டினான். ஓரஸை அடக்கம் செய்த நாளில் அவள் இங்கே வரவில்லை. பெண்கள் வருகிற வழக்கமில்லை. வீட்டுக்குள் அழுகிற பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்கு அப்படி வழக்கம் எதுவும் யாரும் வைத்திருக்கவில்லை. பை உள்ளே இறங்குவதைப் பார்த்தாள். ஒரு பிடி மண்ணைத் தன் கையால் போட்டாள்.

"வீட்டுக்கு வாங்க ஜெங்கே. தனியா இருக்காதீங்க."

"முதல்ல அறையைத் துடைக்கணும். அப்புறம் புதுசா தட்டு வைக்கணும்."

செயில்பெக் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி நின்றான். "அன்னைக்கு என் பேரைச் சொன்னீங்களே... நல்லாதான் இருந்துச்சு."

"பழகிக்காத குறும்பரே. இனிமே கிடைக்காது."

அறையை ஈரத்துணியால் தரை முதல் கூரை வரை துடைத்தாள். நாற்காலியையே தூக்கிப் போட்டுவிட்டு முக்காலி கொண்டுவந்தாள். துவைத்த அங்கி, உள்ளே மெல்லிய சட்டை. பற்கள் தந்தியடித்தன. ஒன்றும் கலக்காத தட்டுகளுக்கும் முகமூடி போட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்தின் கடைசியில் புது நார்த் தட்டைப் பார்த்தாள். நீளமாக, மெலிதாக இருந்த நார்களைச் சுற்றியெல்லாம் துணுக்குகள். கல்நார் அளவுக்கு இல்லை. சாதுவும் இல்லை. கட்டையான நார்களைச் செல்கள் விழுங்கி ஒதுக்கியிருந்தன. நீண்டவற்றின் முன்னால் வாயைப் பிளந்தபடி நின்றன. கைர்கெல்தி நேரில் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகமூடியும் உறிஞ்சும் இயந்திரமும் வந்த பிறகுதான் பட்டறை திறக்கும் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். இந்தத் தடவை ஷூ சத்தம் அதிகம் கேட்கவில்லை.

கடைசியாக, எதுவும் இல்லாத தட்டை எடுத்து வைத்தாள்.

செல்கள் கூழாங்கல் பாவிய தரை போல நெருக்கமாக, முழுசாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரு. துணுக்கு இல்லை. நார் இல்லை. ஓரம் ஓரமாகத் தேடினாள். இருப்பதற்கான அறிகுறியே இல்லை. ஆகஸ்ட் மாதத்தைப் போலவே.

எங்கேயோ குழாய்களில் கடகடவென்று சத்தம். ஹீட்டரில் வெந்நீர் ஏறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்து, வெள்ளைக் குன்றுகள் மறைந்தன.

குன்சுலு அங்கிக் கையின் நுனியைப் பிடித்து விரல் மேல் இழுத்தாள். அது மணிக்கட்டுக்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு தட்டை இன்னொரு முறை, ஓரத்திலிருந்து, பார்க்கத் தொடங்கினாள்.